பழஞ்செவிகள்: சீனக் கதைப்பாடற் கலைகளைப் பேணுதலும் கேட்போரின் இடமும்

முன்னுரை

சீன அரசு 2006ஆம் ஆண்டில் தொட்டுணரவியலாப் பண்பாட்டு மரபுகளின் முதல் தேசியப் பட்டியலை வெளியிட்டது. அதில் இடம்பெற்ற 518 மரபுகளுள் 46, கதைசொல்லலும் பாடலும் சார்ந்த நிகழ்த்துகலைகள். சூச்சோ நகரின் பிங்தான், யாங்சோ நகரின் பிங்ஹுவா, ஷான்தோங் பகுதியின் முரசுப்பாட்டு முதலியன அவற்றுட் சில. 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் இயற்றப்பட்டு அவ்வாண்டு சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம் இம்மரபுகளைப் பேணுவதை அரசின் கடமையாக்கியது. மரபைக் கையளிக்கும் கலைஞர்கள் அடையாளம் காணப்பட்டனர், உதவித்தொகை பெற்றனர், ஒலிப்பதிவுகளும் ஒளிப்பதிவுகளும் பெருகின.

இத்தனைக்குப் பின்னரும் இக்கலைகள் உயிரோடு இருக்கின்றனவா என்னும் வினா ஓயவில்லை. விடை கூறுவோர் பெரும்பாலும் கலைஞரின் தொகையையும் பதிவு செய்யப்பட்ட கதைகளின் தொகையையும் பயிற்றுவிக்கும் நிறுவனங்களின் தொகையையும் எண்ணிக் காட்டுவர். இவ்வெண்ணிக்கை தேவையானதே. ஆயினும் இது கலையின் ஒரு பாதியை மட்டுமே அளக்கிறது. சொல்வோரைக் கணக்கில் கொள்ளும் இவ்வளவுகோல் கேட்போரைக் கணக்கில் கொள்வதில்லை. சூச்சோ வட்டாரத்தில் தேர்ந்த சுவைஞரைப் ‘பழஞ்செவி’ என்று பொருள்படும் சீனச் சொல்லால் அழைப்பது வழக்கம். அச்சொல் சுட்டும் கேட்போரின் இடத்தை மையமாகக் கொண்டு, பேணுதல் முயற்சிகளின் பயனையும் போதாமையையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைவகையின் இயல்பு

கதையைச் சொல்லியும் பாடியும் நிகழ்த்தும் கலைகள் அனைத்தையும் சுட்டச் சீனர் இன்று ‘சூயி’ என்னும் சொல்லை வழங்குகின்றனர். இது பழஞ்சொல் அன்று. 1949ஆம் ஆண்டுக்குப் பின்னரே இது பொதுப்பெயராக நிலைபெற்றது. அதற்கு முன் முரசுப்பாட்டு, கட்டைத்தாளக் கதை, நகைச்சுவை உரையாடல் என ஒவ்வொன்றும் தன் தன் பெயராலேயே வழங்கியது. இவ்வகைகளின் தொகை முந்நூறுக்கும் நானூறுக்கும் இடைப்பட்டது என்பர். மாண்டரின், வூ முதலிய சீன மொழி வகைகளிலும் மங்கோலியம், திபெத்தியம் முதலிய பிற மொழிகளிலும் இவை வழங்குகின்றன.

நாடகத்திலிருந்து இக்கலையைப் பிரித்துக் காட்டும் கூறு ஒன்று உண்டு. நாடகத்தில் நடிகர் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரு பாத்திரமாகவே விளங்குவர். கதைசொல்லியோ படர்க்கையில் கதையைச் சொல்லிச் செல்பவர். ஒரு கணம் மூதாட்டியாகவும் மறுகணம் படைத்தலைவனாகவும் குரல் மாறிவிட்டு உடனே கதைசொல்லியாகத் திரும்பிவிடுவார். அவருக்கு வேடம் இல்லை; காட்சித்திரை இல்லை. கையிலுள்ள விசிறியே வாளாகும், கடிதமாகும், குதிரைச் சாட்டையுமாகும். மேசைமீது தட்டும் சிறு மரக்கட்டை ஒன்று அவையின் கவனத்தை ஈர்க்கும். எஞ்சியவற்றைக் கேட்போரின் மனமே நிரப்பிக்கொள்ள வேண்டும். எனவே கேட்போரின் உழைப்பு இக்கலையின் அமைப்புக்குள்ளேயே இடம்பெற்றுள்ளது எனலாம்.

சூச்சோ பிங்தான் இரு பிரிவுகளை உடையது. பாடல் இன்றிப் போரும் வீரமும் பேசுவது பிங்ஹுவா. அதனைப் ‘பெருங்கதை’ என்பர். மூன்று நரம்புகளையுடைய சான்சியனும் பிபா என்னும் நரம்பிசைக் கருவியும் இசைக்கக் காதலும் குடும்பமும் பேசுவது தான்சி. அதனைச் ‘சிறுகதை’ என்பர். இங்குப் பெருமையும் சிறுமையும் பொருளின் தன்மையைக் குறிப்பனவேயன்றிக் கதையின் நீளத்தைக் குறிப்பன அல்ல. இரண்டுமே பல நாள்கள் நீள்வன.

இந்தியத் தொடர்பு

உரையும் பாட்டும் மாறி மாறி வரும் இவ்வமைப்பின் பழைய சான்றுகள் துன்ஹுவாங் குகைகளில் கிடைத்தன. 1900ஆம் ஆண்டில் அங்கு மூடிக்கிடந்த அறையொன்று திறக்கப்பட்டது. 1907இல் ஆரல் ஸ்டைனும் 1908இல் பால் பெலியோவும் அங்கிருந்து ஏராளமான சுவடிகளைக் கொண்டு சென்றனர். அச்சுவடிகளுள் ‘பியன்வென்’ எனப்படும் கதைநூல்களும் இருந்தன. தாங் அரசமரபுக் காலத்துப் பௌத்தக் கதைகளை உரையும் செய்யுளும் விரவ அவை கூறுகின்றன. ஜெங் ஜென்துவோ 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட சீன மக்கள் இலக்கிய வரலாற்றில் இவற்றுக்கு முதன்மையான இடம் அளித்தார். படங்களைக் காட்டிக் கதைசொல்லும் முறை இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சென்றது என்பதை விக்டர் மேர் தம் 1988ஆம் ஆண்டு நூலில் விரிவாக நிறுவ முயன்றார். உரையும் பாட்டும் விரவிய யாப்பைச் சிலப்பதிகாரப் பதிகத்தின் வழி அறிந்துள்ள தமிழ் ஆய்வாளர்க்கு இவ்வமைப்பு அயலானதாகத் தோன்றாது.

இத்தொடர்பில் வரலாற்றறிஞர் சென் யின்கேயின் ஆய்வு சிறப்பாகச் சுட்டத்தக்கது. வடமொழியும் அறிந்தவர் அவர். 18ஆம் நூற்றாண்டுப் பெண் படைப்பாளி சென் துவான்ஷெங் இயற்றி முடிக்காமல் விட்ட ‘ஜாய்ஷெங் யுவான்’ என்னும் தான்சி நூலைப்பற்றி 1950களின் முற்பகுதியில் அவர் ஆராய்ந்தார். இளமையில் தான்சி நூல்களின் மிகைவிரிவை வெறுத்த அவர், இந்திய, கிரேக்கக் காப்பியங்களைக் கற்றபின் அவ்விரிவின் இயல்பை உணர்ந்து தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அப்போது அவர் பார்வை இழந்திருந்தார். பிறர் படிக்கக் கேட்டே அந்நூலை மீண்டும் அறிந்தார். அந்நூல் மேடைக்கன்றிப் படிப்புக்கென எழுதப்பட்டது என்பது உண்மையே. எனினும் கண்ணுக்கு மிகையாகத் தோன்றியது செவிக்கு அளவாக அமைந்தது என்பது இக்கலைகளைப்பற்றிய திறனாய்வுக்கு நல்ல தொடக்கமாகும்.

விரித்துரைத்தலும் கேட்போரும்

யாங்சோ பிங்ஹுவாவின் பெருங்கலைஞர் வாங் ஷாவ்தாங் (1889-1968). ‘ஷுய்ஹூ’ எனப்படும் நீர்க்கரை நாவலில் வீரன் வூ சோங்கின் கதை பத்து அதிகாரங்களில் முடிகிறது. வாங் ஷாவ்தாங் சொல்லக் கேட்டு எழுதிச் செப்பம் செய்யப்பட்டு 1959ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வூ சோங்’ எட்டு இலட்சம் எழுத்துகளையும் கடந்தது. நாவலின் அப்பகுதியைப் போல் இது பன்மடங்கு பெரியது. புதிய நிகழ்ச்சிகளைச் சேர்த்ததனால் மட்டும் ஏற்பட்ட பெருக்கம் அன்று இது. ஒரு மதுக்கடைக்காரனின் மனக்கணக்கு, ஒரு தெருவின் அமைப்பு, ஓர் அடி விழுவதற்கு முன் இருவர் நின்ற நிலை என நாவல் ஒரு சொல்லில் கடந்தவற்றைக் கதைசொல்லி நின்று காட்டுகிறார்.

இவ்விரிவுக்கு எல்லையாகக் கூறப்படுவது ‘முத்துக்கோபுரம்’ என்னும் தான்சியின் மாடிப்படிக் காட்சி. வறுமையுற்ற ஃபாங் சிங் தன் அத்தையிடம் உதவி கேட்டு இழிவுபடுகிறான். அத்தை மகள் சென் சுய்ஏ முத்தாலான கோபுரம் ஒன்றை உணவுப் பொதியில் மறைத்து அவனிடம் தருகிறாள். பின்னாளில் அவன் உயர்பதவி பெற்று ஏழை வேடத்தில் வருகிறான். அவனைக் காண அவள் மாடியிலிருந்து இறங்க வேண்டும். படிகள் பதினெட்டு; அவள் இறங்கி முடிக்கப் பதினெட்டு நாள் ஆயிற்று என்பது கலைஞரிடையே வழங்கும் செய்தி. ஒவ்வொரு படியிலும் அவள் தயங்குகிறாள். செல்வதா திரும்புவதா என எண்ணுகிறாள். பழைய இழிவு நினைவுக்கு வருகிறது. தாயின் குணத்துக்கு மகள் நாணுகிறாள். நாள் கணக்கில் மிகை இருக்கலாம். அம்மிகையே கலையின் உட்கிடக்கையை வெளிப்படுத்துகிறது. அவள் இறங்கிவிடுவாள் என்பது அவையில் இருந்த அனைவர்க்கும் தெரியும். அவர்கள் முடிவை அறிய வந்தவர் அல்லர். தயக்கத்தைக் கேட்க வந்தவர்கள்.

அன்றைய பகுதியை இக்கட்டான இடத்தில் நிறுத்துவதைக் ‘குவான்சி’ என்னும் சொல்லால் குறிப்பர். ‘குவான்சியை விற்றல்’ என்னும் தொடர் கதைமாடத்தைக் கடந்து அன்றாடச் சீனப் பேச்சிலும் நுழைந்து, எதையும் சொல்லாமல் இழுத்தடிப்போரைச் சுட்டும் மரபுத்தொடராக நிலைத்துவிட்டது. இவ்வுத்தியின் பொருள், கேட்டவர் மறுநாளும் வருவார் என்னும் நம்பிக்கையாகும். கதைமாடங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணிநேரம் கதை நிகழும், இடையில் ஓய்வு உண்டு, தேநீர் உண்டு. முற்காலத்தில் ஒரு கதை மாதக்கணக்கில் நீண்டதும் உண்டு. இன்று ஓர் ஒப்பந்தம் பெரும்பாலும் பதினைந்து நாள் அளவில் அமைகிறது.

இவ்வாறு நாள்தோறும் வந்து, ஒரே கதையைப் பல கலைஞரிடம் கேட்டு, ஒருவர் விட்டதை மற்றவர் சேர்த்ததோடு ஒப்பிட்டு மதிப்பிடுவோரே பழஞ்செவிகள். கேட்போரின் இவ்வாற்றல் பழமையானது. மிங் காலத்து இறுதியில் வாழ்ந்த கதைசொல்லி லியூ ஜிங்திங்கைப்பற்றி ஜாங் டாய் எழுதிய குறிப்பு இதற்குச் சான்று. வூ சோங் ஆளில்லாத கடைக்குள் நுழைந்து குரல் கொடுக்கும்போது வெற்றுச் சாடிகளெல்லாம் அதிர்ந்து ஒலிப்பதாக லியூ சொன்ன நுட்பத்தை ஜாங் டாய் வியக்கிறார். அதே குறிப்பில் மற்றொரு செய்தியும் உண்டு. பணியாளர் எவரேனும் முணுமுணுத்தாலோ கேட்போர் கொட்டாவி விட்டாலோ லியூ கதையை நிறுத்திவிடுவார். எவரும் அவரைத் தொடரச் செய்ய இயலாது. சாடியின் அதிர்வைச் சொல்லும் நுட்பமும் அதனைக் கேட்கும் அமைதியும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை இக்குறிப்பு உணர்த்துகிறது.

வெட்டப்பட்ட மரபும் மீண்ட மரபும்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கலைகள் அரசியலின் நேரடிப் பார்வைக்குள் வந்தன. யான்ஆன் பகுதியில் 1940களில் பார்வையற்ற கதைசொல்லி ஹான் சீசியாங் (1915-1989) புதிய சமூகப் பொருள்களைப் பழைய வடிவில் பாடிப் புகழ்பெற்றார். மரபு வடிவம் புதுப்பொருளைத் தாங்கும் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகக் காட்டப்பட்டது. 1951ஆம் ஆண்டில் பதினெட்டுக் கலைஞருடன் ஷாங்ஹாய் பிங்தான் குழு அமைந்தது. 1951-52ஆம் ஆண்டுகளில் பிங்தான் கலைஞர் பலர் பழங்கதைகளை அறவே கைவிடுவதாக அறிவித்தனர். ‘வாலை வெட்டுதல்’ என்பது அவ்வியக்கத்தின் பெயர். பழைய சமூகத்தின் வாலாகப் பழங்கதைகள் கருதப்பட்டன.

அதன் விளைவு கருதத்தக்கது. புதுக்கதைகள் எண்ணிக்கையிலும் நீளத்திலும் நாள்தோறும் மாடத்தை நிரப்பப் போதவில்லை. பழங்கதைகள் சில ஆண்டுகளுக்குள்ளேயே மேடைக்குத் திரும்பின. ஒரு நெடுங்கதை பல தலைமுறைகளின் வாய்வழியே நாளும் திருத்தம் பெற்று வளர்வது. தேவை ஏற்பட்டவுடன் எழுதி அளித்துவிடக் கூடிய பொருள் அன்று அது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் நெருக்கடி முற்றியது. பழங்கதைகள் மேடையிலிருந்து முற்றாக அகன்றன. வாங் ஷாவ்தாங் 1968இல் மறைந்தார். அவரிடம் பயின்ற பேத்தி வாங் லீதாங் வழியே அம்மரபு பின்னர் மீண்டும் கேட்கப்பட்டது.

மீட்சியில் வானொலி ஆற்றிய பங்கு பெரிது. 1979ஆம் ஆண்டில் ஆன்ஷான் வானொலியில் லியூ லான்ஃபாங் சொன்ன யூவே ஃபெய் வரலாறு நாடெங்கும் பல நிலையங்களில் ஒலிபரப்பானது. 1980களில் யுவான் குவோசெங் (1929-2015) சொன்ன மூவரசர் கதை 365 பகுதிகளாக நீண்டது. ஷான் தியன்ஃபாங்கின் (1934-2018) கரகரத்த குரல் வண்டியோட்டிகளுக்கும் கடைக்காரர்க்கும் பழகிய குரலாயிற்று. தேநீரும் முகம்பார்த்தலும் வானொலியில் இல்லை. ஆனால் தொடர்ச்சி இருந்தது; நாளைய பகுதிக்கான காத்திருப்பு இருந்தது. புதிய ஊடகமே மரபின் பகை என்னும் எளிய முடிவை இவ்வரலாறு மறுக்கிறது. கதையின் காலநீட்சியை ஏற்றுக்கொண்ட ஊடகம் கலையை வளர்த்தது என்பதே பொருத்தமான முடிவாகும்.

முகவுரை கதையானமை

அந்நீட்சியை ஏற்காத அரங்குகளே இன்று இக்கலைகளின் பொதுமுகமாகியுள்ளன. 1983ஆம் ஆண்டு முதல் நிகழும் தேசியத் தொலைக்காட்சியின் வசந்தவிழா நிகழ்ச்சியில் நிமிடங்களால் அளக்கப்படும் உருப்படிகளுக்கே இடமுண்டு. போட்டிகளும் விழாக்களும் அவ்வளவையே பின்பற்றுகின்றன. சூச்சோவின் சுற்றுலாத் தெருக்களிலுள்ள தேநீர்க் கடைகளில் விருந்தினர் பட்டியலைப் பார்த்துப் பாடலைத் தேர்வர். ஒரு பாடலுக்கு இன்ன விலை என்று செலுத்துவர். கேட்டுவிட்டு எழுந்து செல்வர்.

அங்குப் பாடப்படுவன பெரும்பாலும் ‘காய்பியன்’ என்னும் வகையின. காய்பியன் என்பது தொடக்கப்பாட்டு. கதை தொடங்கும் முன் அவையை அமைதிப்படுத்தவும் குரலைப் பதப்படுத்தவும் பாடப்பட்ட தனிப்பாடல் அது. வருவோர் அமர்ந்து முடிவதற்குள் அது முடிந்துவிடும். அதன்பின் கதை தொடங்கும். 1950களின் இறுதியில் மாவோவின் கவிதையொன்றுக்கு ஜாவ் காய்ஷெங் இசையமைத்த பாடல், காய்பியனைப் பெரிய அரங்குக்குரிய இசையாக உயர்த்தியது. அவ்வளர்ச்சியின் கலைமதிப்பை மறுப்பதற்கில்லை. ஆனால் இன்று பிங்தான் என்றதும் வெளியூரார் நினைப்பது நீள்அங்கி அணிந்த பெண் பிபா மீட்டிப் பாடும் சில நிமிட இசையையே. முகவுரை நூலாகிவிட்டது, நூல் கண்மறைந்துவிட்டது. பேச்சின் பங்கு சுருங்கிப் பாட்டின் பங்கு பெருகியதனால், கதைசொற்கலை இசைக்கலையாக உருமாறும் நிலையில் உள்ளது.

இதற்கு எதிராக ஒரு கருத்தும் கூறப்படும். சுருக்கமும் மரபின் பகுதியே என்பது அது. பெய்ஜிங் முரசுப்பாட்டின் பெருங்கலைஞர் லியூ பாவ்சுவான் (1869-1942) நீண்ட நாட்டுப்புறக் கதைகளை விடுத்துத் தனித்தனிச் சிறு பகுதிகளையே உயர்கலையாக்கினார். ஆகவே குறுமை தன்னளவில் இழிவன்று. இக்கருத்து ஏற்கத்தக்கதே. ஆயினும் லியூ பாவ்சுவானின் அவைக்கும் இன்றைய சுற்றுலா அவைக்கும் வேறுபாடு உண்டு. அவர் மூவரசர் கதையின் ஒரு போரைப் பாடியபோது அதன் முன்னும் பின்னும் கேட்போர் நெஞ்சில் நிறைந்திருந்தன. குழந்தையைக் காக்கும் வீரன் யார், அவன் தலைவன் யார், பின்னாளில் என்ன நேரும் என்பதைப் பாடகர் விளக்க வேண்டியதில்லை. பகுதி முழுமையின் நினைவால் வாழ்ந்தது. முழுமையைக் கேட்டோர் அருகினால் பகுதியும் பொருளிழக்கும். சிறு வடிவம் பெருவடிவத்தின் சேமிப்பைச் செலவிட்டே வாழ்கிறது. அச்சேமிப்பை நிரப்புவோர் யார் என்பதே இன்றைய வினா.

கற்றலும் மொழியும்

பழைய முறையில் மாணாக்கர் ஆசிரியரோடு ஊர் ஊராகச் சென்று அவர் சொல்லும் கதையை மாடத்திலேயே கேட்டுக் கற்றனர். பகலில் கேட்டதை இரவில் நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தனர். இம்முறையில் மாணாக்கர் முதலில் கேட்போராகவே உருவாகினர் என்பது நோக்கத்தக்கது. 1960களின் தொடக்கத்தில் சூச்சோவில் பிங்தான் பள்ளி அமைந்தது. இக்கலையில் ஆழ்ந்த பற்றுடைய அரசியல் தலைவர் சென் யுன் (1905-1995) அதற்கு ஊக்கமளித்தார். பிங்தான் குறித்த அவருடைய உரையாடல்களும் கடிதங்களும் 1983இல் நூலாயின. கலைஞரும் கதைகளும் உருவாக வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கருத்து. பள்ளி அளித்த பயன் பெரிது. ஆண்டுதோறும் பாடவும் மீட்டவும் வல்ல இளைஞர் வெளிவருகின்றனர். எனினும் பாட்டைப் பள்ளியில் கற்பித்துவிடலாம். பதினைந்து நாள் அவையைத் தாங்கும் பேச்சை அவ்வாறு கற்பிப்பது எளிதன்று. அது அவையினின்றே கற்கத்தக்கது.

மொழியும் இத்தகைய சிக்கலே. பிங்தானில் உயர்குடியினரும் அலுவலரும் பழைய மேடைமொழியில் பேசுவர். பணிப்பெண்ணும் கடைக்காரரும் சூச்சோப் பேச்சில் பேசுவர். நகையும் எள்ளலும் இவ்விரு நிலைகளின் உரசலிலேயே பிறக்கின்றன. 2001ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த தேசிய மொழிச் சட்டம் மேடைக்கலைகளில் வட்டார மொழிக்கு இடமளிக்கிறது. ஆனால் வகுப்பறையில் பொதுமொழியிலேயே வளரும் குழந்தைக்கு அவ்வுரசல் புலப்படாது. மேடைக்கு அளித்த விலக்கு செவிக்கு அளித்த பயிற்சியாகாது.

வடகிழக்கே ஹெய்லோங்ஜியாங் பகுதியில் வாழும் ஹெஜே இனத்தாரின் யிமாகான் இச்சிக்கலின் கடுமையான வடிவம். இசைக்கருவியின்றி உரையும் பாட்டுமாகத் தம் மொழியில் வீரர் கதைகளைக் கூறும் மரபு அது. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சீனாவில் ஹெஜே மக்கள்தொகை ஐயாயிரத்தைச் சற்றே கடந்தது. 2011இல் யுனெஸ்கோ யிமாகானை உடனடிப் பாதுகாப்புத் தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தபோது, முதன்மையான கதைகளைச் சொல்லவல்லோர் ஐவரே இருந்தனர். தாய்மொழியைப் பேசுவோரும் முதியோரே. இங்குப் புதிய பாடகரைப் பயிற்றுவித்தல் மட்டும் போதாது. அவர் பாடுவதைப் பொருளுணர்ந்து கேட்போரும் வேண்டும். கேட்போரற்ற மொழியில் பாடப்படும் கதை ஒலியாக எஞ்சும், கதையாக எஞ்சாது.

பதிவுகளின் மதிப்பை இது குறைப்பதன்று. டென்மார்க்கு ஆய்வாளர் விபெக்கே போர்டால் யாங்சோ கதைசொல்லிகள் பலர் சொன்ன புலிப்போர்க் கதையை ஒப்பிட்டு, எவை நிலைத்தன எவை மாறின என்பதை ஆராய்ந்தார். அவர் முயற்சியால் நால்வர் சொன்ன நெடுங்கதைகள் ஒளிப்பதிவாயின. மார்க் பெண்டரின் 2003ஆம் ஆண்டு நூல் சூச்சோ மாடங்களின் நிகழ்த்துமுறையை நுணுகிப் பதிவுசெய்தது. இவை இல்லையேல் நாளைய கலைஞர்க்கும் ஆய்வாளர்க்கும் ஆதாரம் இராது. ஆயினும் பதிவு காப்பது ஒரு நாள் சொன்ன ஒரு வடிவத்தையே. கேட்போர் முகம் பார்த்து நீட்டவும் குறுக்கவும் வல்ல ஆற்றல் பதிவுக்குள் அடங்குவதில்லை.

கேட்போரைத் தக்கவைத்த களங்கள்

கேட்போரைத் தக்கவைத்த களங்கள் சில இன்றும் உள. ஹெனான் மாநிலத்தின் பாவ்ஃபெங் வட்டத்தில் மாஜியே என்னும் சிற்றூரில் சீன நாட்காட்டியின் முதல் மாதம் பதின்மூன்றாம் நாளில் கதைப்பாடகர் கூடும் சந்தை நிகழ்கிறது. எழுநூறு ஆண்டுப் பழமை கூறப்படும் சந்தை அது. கோதுமை வயல்களில் பாடகர் அங்கங்கே நின்று பாடுவர். மக்கள் சூழ்ந்து நின்று கேட்பர். திருமணத்துக்கும் பிறந்தநாளுக்கும் வேண்டுதல் நிறைவுக்கும் தத்தம் வீட்டில் பாட ஏற்றவரைத் தேர்ந்து விலை பேசுவர். அவ்வாண்டில் மிகுந்த விலைக்கு அமர்த்தப்பட்டவர், பழைய அரசுத்தேர்வில் முதலிடம் பெற்றோருக்குரிய பட்டத்தைப் பெறுவார். இங்கு மதிப்பீடு செய்வோர் கேட்போரே; நடுவர் குழு அன்று. கலையும் வாழ்வின் சடங்கோடு பிணைந்துள்ளது.

நகர்ப்புறத்தில் குவோ தெகாங் 1996இல் தொடங்கிய தெயுன்ஷெ குழு நகைச்சுவை உரையாடற் கலையைத் தொலைக்காட்சியிலிருந்து சிற்றரங்குக்கு மீட்டது. இளைஞர் கட்டணம் செலுத்தி வருகின்றனர். பழைய உருப்படிகளை அறிந்து மேடையோடு மறுமொழி பேசுகின்றனர். கலைஞரின் தனிப்புகழ் கலையை விஞ்சும் ஆபத்து அங்கு உண்டு. எனினும் மீண்டும் மீண்டும் வரும் அவையை உருவாக்கியது அதன் சாதனை.

மூன்றாவது களம் பேசப்படாத களம். சூச்சோ, ஷாங்ஹாய் வட்டாரங்களின் குடியிருப்புப் பகுதிகளில் உள்ள சிறு கதைமாடங்கள் அவை. மிகக் குறைந்த கட்டணத்தில் முதியோர் பிற்பகலில் வந்து அமர்கின்றனர். பதினைந்து நாள் கதை அங்குத்தான் இன்றும் சொல்லப்படுகிறது. விருதும் விளம்பரமும் விழா மேடைக்குச் செல்ல, கலையின் நெடுவடிவம் இம்மாடங்களில் தங்கியுள்ளது. இளங்கலைஞர் ஒருவர் தம் கதையை நாளும் சொல்லித் திருத்திக்கொள்ள இயலும் இடமும் அதுவே. அவ்வவையினர் முதியோர் என்பதைச் சுட்டி இக்கலையின் வீழ்ச்சியைக் கணிப்போர் பலர். அவ்வச்சத்தில் உண்மை உண்டு. ஆனால் அம்முதியோர் வீழ்ச்சியின் அடையாளம் மட்டும் அல்லர். கலைஞர்க்கு இன்று எஞ்சியுள்ள ஆசிரியரும் அவர்களே.

முடிவுரை

சீனக் கதைப்பாடற் கலைகளைப் பேணும் முயற்சிகள் கலைஞரையும் பனுவலையும் காப்பதில் குறிப்பிடத்தக்க வெற்றி பெற்றுள்ளன. பட்டியல், சட்டம், பள்ளி, பதிவு ஆகிய நான்கும் இல்லாதிருந்தால் இழப்பு மேலும் பெரிதாகியிருக்கும். ஆயினும் இக்கலைகளின் உயிர்நிலை சொல்வோர்க்கும் மீண்டும் வரும் கேட்போர்க்கும் இடையிலுள்ள காலத்தில் உள்ளது. அக்காலத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்கிவிட்டு, எஞ்சிய இசையையும் உடையையும் காட்டி மரபு பேணப்பட்டது என்பது பொருந்தாது.

எனவே பேணுதலை அளக்கும்போது எத்தனைக் கலைஞர் உளர் என்னும் வினாவோடு வேறு சில வினாக்களும் எழுப்பப்பட வேண்டும். எத்தனை மாடங்களில் நெடுங்கதை நாள்தோறும் தொடர்கிறது? அங்கு முதல் நாள் வந்தவருள் எத்தனை பேர் இறுதி நாளும் வருகின்றனர்? அவருள் எத்தனை பேர் அவ்வட்டார மொழியின் எள்ளலை விளக்கமின்றி உணர்கின்றனர்? பள்ளிச் சிறார் பாடக் கற்பதோடு கேட்கவும் கற்கின்றனரா? இவ்வினாக்களுக்கு விடை தேடும் ஆய்வு பட்டியல்களைவிடக் கடினமானது, பயனும் மிகுந்தது.

சென் சுய்ஏ படியில் நின்று தயங்குகிறாள். அத்தயக்கத்தைச் சொல்லவல்ல ஒருவரைப் பயிற்றுவித்தல் பேணுதலின் ஒரு பாதி. அவள் அடுத்த படியில் கால்வைப்பதைக் கேட்க நாளையும் வருவோரை உருவாக்குதல் மறுபாதி. இரண்டாம் பாதியைக் கருதாத முயற்சி, கலைஞர்க்கு வாழ்வளித்தும் கலைக்கு வாழ்வளிக்காது போகும்.